ஐம்பத்தோராவது ஆட்டத்தின் ஒரு புள்ளி

மார்ச் முதல் வாரத்தில் ஸ்டெக்மாட் ஐஸ் ஹாக்கி அணிக்கு இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. இரண்டுமே சொந்த அரங்கில். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பதினான்கு அணிகளில் பன்னிரண்டாவது இடம். மேலே ஏறிக் கோப்பைக்கான சுற்றுக்குள் நுழைய வழியில்லை, கீழே விழுந்து லீக்கைவிட்டே இறங்கிவிடுவோமோ என்று பயப்படவும் வேண்டியதில்லை. சனிக்கிழமை ஐம்பத்திரண்டாவது ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் காலணிகளைக் கழற்றித் துடைத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. காரணம் யோஸ்ட் ஊல்மன்.

லீக்கில் ஒவ்வொரு அணியிலும், அந்தப் பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவன் மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடுவான். நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை தீ எரிவதுபோல் சாயம் பூசிய கவசம். கோல் போட்டவனுக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு முன் வட்டை மட்டையால் தொட்டுக் கொடுத்த கடைசி இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு புள்ளி. யார் முன்னால் போகிறாரோ அவர் தலைக்கு அடுத்த ஆட்டத்தில் அந்த மஞ்சள் போய்விடும். இரண்டு பேர் சமமாக இருந்தால் அதிகக் கோல் போட்டவருக்கு.

யோஸ்டுக்கு முப்பத்தாறு வயது. எண் இருபத்துநான்கு. பதினேழு பருவங்களாக ஒரே அணி. அவன் கோல் போடுகிற ஆள் இல்லை. மற்றவர்கள் கோல் போடுவதற்காக மூலையில் முட்டிமோதி வட்டைத் தோண்டியெடுக்கிற ஆள். எதிரணி அடிக்கும்போது குறுக்கே விழுந்து விலாவில் வாங்கிக்கொள்கிற ஆள். ஒரு பருவத்தில் அவன் எடுத்த அதிகப் புள்ளியே பத்தொன்பதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், இந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னான். யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆச்சரியம் ஜனவரியில் வந்தது. மஞ்சள் கவசத்தைப் பருவத் தொடக்கத்திலிருந்து போட்டிருந்த பின்லாந்துக்காரன் ஆர்ட்டு, நாற்பத்தொரு புள்ளியில் இருந்தபோது விரலை உடைத்துக்கொண்டான். பயிற்சியாளர் சும்மா இடத்தை அடைக்கத்தான் யோஸ்டை அங்கே போட்டார். அவன் பாஸ் கொடுத்தான். பக்கத்திலிருந்த இளைஞர்கள் கோல் போட்டார்கள். மறுபடி பாஸ் கொடுத்தான். பிப்ரவரி முடியும்போது அவனுக்கும் நாற்பத்தொன்று. சமம், ஆனால் கோல் கணக்கில் ஆர்ட்டு எங்கோ மேலே. ஆர்ட்டு கடைசி ஆட்டத்துக்குத் திரும்பி வருகிறான். அதற்குள் யோஸ்டுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால், தன் கடைசி ஆட்டத்தை மஞ்சள் கவசத்தோடு ஆடலாம். ஸ்டெக்மாட் பள்ளத்தாக்கில் பால்காரனிலிருந்து பாதிரியார்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பகுதியில் ஸ்டெக்மாட்டின் மூன்றாவது கோல் விழுந்தது. நடுவர் சறுக்கிக்கொண்டு கோல் கணக்கு எழுதும் எழுத்து மேசைக்கு வந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகச் சொன்னார். கோல் பதினொன்று. கொடுத்தது இருபத்துநான்கும் ஏழும்.

ஒலிபெருக்கி அதைச் சொன்னதும் கூரை அதிர்ந்தது.

மார்லிஸ் கைதட்டவில்லை. எழுத்து மேசையில் உட்காருகிறவர்கள் கைதட்டக் கூடாது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பக்கத்திலிருந்த கொட்லீப் தன் பேனாவை எடுத்து, கோணல் எழுத்தில் இருபத்துநான்கு என்று எழுதினார். பதினோரு வருடமாக இப்படித்தான். யோஸ்டின் தங்கை மேசையில் உட்காரலாமா என்று முதல் வருடமே யாரோ கேட்டுவிட்டார்கள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: அண்ணனின் எண் வந்தால் அதை அவள் எழுதமாட்டாள். கொட்லீப் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதற்றமே இல்லாத மனிதர். அவர் எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

யோஸ்ட் பெஞ்சுக்குப் போனதும் மற்ற ஆட்டக்காரர்கள் கையுறையால் அவன் தலையில் குத்தினார்கள். அவன் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கம் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள்.

பகலில் அவளுக்கு சீஸ் ஆலையில் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் பாலைச் சோதித்து, நல்லதா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதிகாலை ஐந்துக்குப் போனால் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆட்டத்துக்கு மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து, ஒவ்வொரு கோலையும் காணொளியில் சரிபார்ப்பதும் அவள் பொறுப்பு. ஒரு கோலை இரண்டு தடவை பார்ப்பாள். சரி என்றால் ஒரு கோடு போடுவாள். தவறு என்றால், ஆட்டத்துக்கு மறுநாளைக்கு மறுநாள் நண்பகலுக்குள் லீக்குக்குத் திருத்தம் அனுப்புவாள். அந்தத் திருத்தம் லீக்கின் இணையப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வரும்: என்ன மாற்றம், யார் கேட்டுக்கொண்டது. மேசையும் கேட்கலாம், அணியும் கேட்கலாம், ஆட்டக்காரனே கூடக் கேட்கலாம். அணிகள் எப்போதாவது கேட்கும். ஒரு ஆட்டக்காரன் தானாகக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

புதன்கிழமை முதல் இரண்டு கோல்களுக்கும் கோடு போட்டாயிற்று. மூன்றாவதைப் பார்த்தாள்.

ஏழாம் எண் தடுப்பாட்டக்காரன் நீலக்கோட்டிலிருந்து வட்டைத் தள்ளுகிறான். யோஸ்ட் கோலுக்குப் பக்கத்தில் ஒருவனை முதுகில் சுமந்துகொண்டு மட்டையை நீட்டுகிறான். வட்டு பதினொன்றாம் எண்ணிடம் போய்ச் சேருகிறது. அடித்தான், கோல்.

இரண்டாம் தடவை, கோலுக்கு மேலே தொங்கும் காமிராவில் பார்த்தாள். மட்டையின் நுனிக்கும் வட்டுக்கும் நடுவில் வெள்ளையாகப் பனி தெரிந்தது. ஒரு விரல் அகலம்.

அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். வேறு காமிராவில் பார்த்தாள். வட்டின் திசை கொஞ்சம் மாறியிருந்தால், சுழற்சியாவது மாறியிருந்தால், தொட்டதாக எடுத்துக்கொள்ளலாம். மாறவில்லை. பதினான்கு தடவை பார்த்தபிறகும் அந்த வெள்ளை அங்கேயே இருந்தது.

கொட்லீபுக்கு போன் செய்தாள். அவர் ஒரு மாணவியை இறக்கிவிட்டு அடுத்தவருக்காக வண்டியில் காத்திருந்தார்.

"மூணாவது கோலப் பாத்தீங்களா, கொட்லீப்?"

"பாத்தேன்."

"எப்ப?"

"காலைல. காபி குடிக்கறப்ப."

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

வண்டிக்குள் ஏதோ டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு அறுபது வயசாகப் போகுது. என் கண்ணுக்கு நடுவர் சொன்னதுதான் தெரியும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை எடுத்தா வேற யாருக்கும் போய்ச் சேரப்போறதில்லம்மா. ஏழாம் நம்பருக்கு ஏற்கனவே குடுத்தாச்சு, அவனுக்கு முன்னாடி தொட்டது எதிரணிக்காரன். அந்தப் புள்ளி சும்மா காத்துல போகும். அதையும் யோசிச்சுக்கோ."

யோசித்தாள். அன்று மாலை முழுக்க அதைத்தான் செய்தாள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆர்ட்டு ஐந்து மாதம் அதைப் போட்டு அலுத்துப்போனவன். ஏப்ரலில் ஊருக்குப் போகிறவன். இந்த ஒரு விரல் வெள்ளையைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருவர் பார்க்கவில்லை என்று முடிவுசெய்துவிட்டார்.

அப்புறம் அவளுக்கு வேறொன்று தோன்றியது. வேறு யாராவதாக இருந்தால் இதைப் பதினான்கு தடவை பார்த்திருப்பாளா? இரண்டாம் தடவையிலேயே திருத்தத்தை அனுப்பிவிட்டுத் துணி துவைக்கப் போயிருப்பாள். அண்ணன் என்பதால்தானே இந்த மாலை. அப்படியென்றால், மற்றவர்களுக்கு என்ன செய்வாளோ அதையே செய்துவிடுவதுதான் சரி. மற்றவர்களுக்கு அவள் போன் செய்து முன்கூட்டியே சொல்வதில்லை. அண்ணனுக்கும் சொல்லவில்லை. ஒருவேளை, சொன்னால் அவன் குரலைக் கேட்டு மனம் மாறிவிடுமோ என்ற பயமும் இருந்திருக்கலாம். அதை அவள் அப்போது தனக்குள் ஒப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, இரண்டு பால் வண்டிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், ஆலையின் கணினியிலிருந்தே அனுப்பினாள். அனுப்பியதும் கைகளைக் கழுவிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மேல்பண்ணை விவசாயி ஊர்ப் பத்திரிகையோடு வந்தார். முதல் பக்கத்தில் யோஸ்ட். புதன்கிழமைப் பயிற்சியில் எடுத்த படம். தலையில் மஞ்சள் கவசம், முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

"உங்கண்ணன் தலையப் பாரு தாயே. நான் கண்காட்சிக்கு வெச்ச பூசணிக்கா மாதிரியே இருக்கு."

அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து, சோதனை அறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். மார்லிஸுக்கு அதை எடுக்கவும் கை வரவில்லை, பார்க்கவும் கண் வரவில்லை. அந்தச் சிரிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பால் சோதித்தாள். திருத்தம் வெளியே வரும்போது அவன் அதை எங்கே படிப்பான் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். உடைமாற்றும் அறையில், எல்லோர் நடுவிலும் படிப்பானோ?

எட்டு மணிக்கு யோஸ்டே வந்தான். ஆலைக்குள் வருகிறவர்கள் போட வேண்டிய வெள்ளைத் தொப்பியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, சோதனை அறை வாசலில் நின்றான். கதவில் இருந்த தன் படத்தை ஒரு நொடி பார்த்தான்.

"ஒரு உதவி வேணும், மார்லிஸ். எப்படி எழுதறதுன்னு நீதான் சொல்லணும்." கதவைச் சாத்திக்கொண்டான். "அந்த மூணாவது கோல்ல நான் தொடல."

அவள் கையிலிருந்த பால் குப்பியை மேசைமேல் வைத்தாள். அவள் அதிர்ந்துபோயிருக்கிறாள் என்று எண்ணி அவன் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனான். மட்டையை நீட்டியது நிஜம், படவில்லை, கைக்குத் தெரியாமல் இருக்குமா? நடுவரிடம் சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் எண்ணைச் சொல்லிவிட்டார்கள், ஜனம் கத்திவிட்டது. சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் பிரிடொலின் அந்த இடைவேளையிலேயே மஞ்சள் கவசத்தை எடுத்துவந்து, இவன் மண்டை அளவுக்குத் திருகுகளைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நேத்து பூரா அதைப் போட்டுக்கிட்டுத்தான் பயிற்சி பண்ணேன். நல்லா இருந்துச்சு. உங்கிட்ட என்னத்துக்கு மறைக்கணும், ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னைக்குக் காலைல பேப்பரத் தொறந்தேன். அதுக்கப்புறம் காபி இறங்கல." அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "நண்பகல் வரைக்கும் டைம் இருக்குல்ல? நானே எழுதிடறேன். வார்த்தைய மட்டும் நீ சொல்லு."

"நான் அனுப்பிட்டேன், யோஸ்ட்."

"எதை?"

"திருத்தத்த. காணொளில பாத்தேன். ஆறே முக்காலுக்கு அனுப்பிட்டேன்."

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். கவிழ்த்துவைத்திருந்த ஒரு பால் கேனில் மெதுவாக உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருடத்தில் மூன்று தடவை அறுத்துத் தைத்த முழங்கால்.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"மத்தவங்களுக்கு நான் போன் பண்றதில்ல."

"தெரியும். நான் மத்தவனா?"

அவள் குப்பியின் மூடியை இறுக்கினாள்.

"கவசம் போனாப் போகட்டும். அது ஆர்ட்டுவோடது, நியாயமா அவனுக்குத்தான். அதக் கழட்டி வெக்கற வேலையாவது என் கையால நடந்திருக்கும். அதுக்குத்தான் வந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, தான் என்ன எடுத்துக்கொண்டோம் என்று. நண்பகலுக்கு லீக்கின் பக்கத்தில் ஒரு வரி வரும். எண் இருபத்துநான்கு, ஒரு புள்ளி நீக்கம், கேட்டுக்கொண்டது எழுத்து மேசை. பத்திரிகையில் அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதையும் படிப்பார்கள். தொடாத வட்டுக்குப் புள்ளி வாங்கிக்கொண்டு மஞ்சளை மாட்டிக்கொண்டான், தங்கை கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தாள் என்று சொல்வார்கள். பதினேழு வருடம் மூலையில் கிடந்து உழைத்தவனைப் பற்றிக் கடைசி வாரத்தில் இதுதான் மிஞ்சும். அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தவறு கிடையாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் அதே வரியை அவன் எழுதியிருப்பான்.

அவள் போனை எடுத்தாள். லீக் அலுவலகத்தில் பேசிய அம்மையார் பொறுமையாக விளக்கினார். திருத்தத்தை நண்பகலுக்குள் திரும்பப் பெறலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டும். திரும்பப் பெற்ற திருத்தம் மேசையின் பிழையாகக் கணக்கில் ஏறும். பிழை செய்த அலுவலர் அடுத்த ஆட்டத்தில் மேசையில் உட்கார முடியாது, விதி அப்படி. உங்கள் பெயரில் பதினோரு வருடத்தில் இதுவரை ஒன்றும் இல்லை என்றும் சொன்னார், வருத்தத்தோடு சொன்னதுபோல் இருந்தது.

"காரணம் என்னன்னு போடட்டும்?"

மார்லிஸ் யோசித்தாள். தவறாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

"அவசரப்பட்டு அனுப்பிட்டேன்னு போடுங்க."

யோஸ்ட் கேனிலிருந்து எழுந்துவிட்டான். மறுமுனையில் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"அடுத்த ஆட்டம்னா சனிக்கிழம. அது என் கடைசி ஆட்டம்டி."

"தெரியும்."

"நீ அங்க இல்லாம நான் ஒரு ஆட்டம்கூட இங்க ஆடினதில்ல. பதினோரு வருஷமா. வேண்டாம், விட்டுடு. பேப்பர்காரன் என்ன வேணாலும் எழுதிக்கட்டும்."

"விடல," என்றாள் அவள். போனில் அந்த அம்மையாரிடமும் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவளுடைய கணினியின் முன் அவன் நின்றுகொண்டே எழுதினான். பெரிய விரல்கள், இரண்டால் மட்டும் தட்டினான். வெளியே ஒரு வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. அவள் போய்ப் பால் மாதிரி எடுத்து வந்தபோதும் அவன் இன்னும் முதல் வரியிலேயே இருந்தான். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை மூன்றாவது கோலில் வட்டு என் மட்டையில் படவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். எடுத்துவிடுங்கள்.

கோல் விழுந்த நிமிடத்தையும் நொடியையும் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. அதை மட்டும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். சேர்த்துக்கொள் என்றான். அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்ற வரி தேவையில்லை, விண்ணப்பத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை என்றும் சொல்லிப் பார்த்தாள். அது இருக்கட்டும் என்றான். அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தினான்.

பதினொன்றரைக்கு அது வெளியாகிவிட்டது. கேட்டுக்கொண்டது: ஆட்டக்காரர். அவள் அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். அவன் பயிற்சியில் இருந்தான். மாலைவரை பதில் இல்லை. மாலையில் ஒரு வரி வந்தது. கதவில் இருக்கும் பூசணிக்காயை எடுத்துவிடாதே, அது நல்ல படம்.

பள்ளத்தாக்கு அவரவர் வழக்கப்படி அதை ஏற்றுக்கொண்டது. பிரிடொலின் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் திருகுகளை மறுபடி இறுக்கினார். பேக்கரியில் இரண்டு பெண்கள், இதெல்லாம் எதற்கு, ஒரு சனிக்கிழமைதானே என்று அங்கலாய்த்தார்கள். மேல்பண்ணை விவசாயி, தன் பாலில் ஏதாவது குறை இருந்தால் இனிமேல் தானே எழுதிக் கொடுத்துவிடப் போவதாக மார்லிஸிடம் சொன்னார். ஆர்ட்டு வெள்ளிக்கிழமை கவசத்தைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே நாளில் இதை வாளியாக்கிவிட்டாயே என்று யோஸ்டிடம் முறையிட்டானாம். உடைமாற்றும் அறையே சிரித்தது, யோஸ்டும் சிரித்தான் என்று கொட்லீப் போனில் சொன்னார். மேசைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் பென்சிலால் எழுதுவாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை மார்லிஸ் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மேசையில் உட்காரக் கூடாது என்றுதானே விதி, அரங்கத்துக்குள் வரக் கூடாது என்று இல்லையே என்று யோஸ்டின் மனைவி போன் செய்து கேட்டாள். விதியைப் பற்றி யாரோ தனக்கே சொல்லிக்கொடுப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்க்கிற மேடைக்குத்தான் சீட்டு கிடைத்தது. அங்கே அவள் சிறு பெண்ணாக இருந்தபோது நின்றது. முன்னால் கொடிகள், பக்கத்தில் கடுகு தடவிய சாசேஜ், காலடியில் சிந்திய பீர். மேசையிலிருந்து பார்த்தால் ஆட்டம் இடமும் வலமுமாக ஓடும். இங்கே அது நேராகத் தன்னை நோக்கி வந்தது. கையில் பேனா இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் விட்டாள். வெளியே எடுத்தாள். எதிர்ப்பக்கத்தில் கொட்லீப் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் ஒரு புதிய தலை.

ஆட்டக்காரர்கள் வந்தார்கள். முன்னால் ஆர்ட்டு, தலையில் மஞ்சள். ஆறாவதாக யோஸ்ட், எல்லோரையும்போல் பச்சைக் கவசம். மேடை அவன் பெயரைச் சொல்லிப் பாட ஆரம்பித்தது. பாட்டு நிற்காமல் நீண்டதால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று. யோஸ்ட் குனிந்து காலணி நாடாவைக் கட்டுவதுபோல் பாவனை செய்தான்.

முதல் பகுதியில் அவள் பழக்கம் விடாமல் எண்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழிலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து தொண்ணூற்றிரண்டு. இரண்டாம் பகுதியில் எங்கோ அது நின்றுபோனது. எப்போது நின்றது என்று பிறகு யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. அவள் யோஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவன் பக்கத்திலிருந்த இளைஞன் காதில் ஏதோ சொல்கிறான். அந்த இளைஞன் தலையாட்டுகிறான். பனித்தளத்தில் இறங்கும்முன் மட்டையால் பலகையை இரண்டு தடவை தட்டுகிறான். வட்டு வேறு எங்கோ இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறான், யாரும் பார்க்காத இடத்துக்கு, யாராவது தவறவிட்டால் அங்கே இருக்க வேண்டுமே என்பதற்காக. பதினோரு வருடத்தில் அவள் இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவளுக்கு வட்டு எங்கே என்பதுதான் வேலை.

மூன்றாம் பகுதியில் ஸ்டெக்மாட் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. மேடைக்கு நேர் முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூலையில் மூன்று பேர் யோஸ்டின் மேல் விழுந்தார்கள். அவன் ஒரு முழங்காலில் எழுந்து, கால்களுக்கு நடுவே மட்டையால் துழாவினான். அப்போது தலையை நிமிர்த்தியவன் அவளைப் பார்த்துவிட்டான். மேசையில் தேடிப் பழகிய முகத்தை, கொடிகளுக்கு நடுவே, இரண்டு மீட்டர் தூரத்தில். அவன் வாய் திறந்தது. அங்கேயா நிற்கிறாய் என்று கேட்டதுபோல் இருந்தது. முன்பல் இல்லாத சிரிப்பு முகம் முழுக்கப் பரவியது.

அவனுக்குப் பின்னால் கோலுக்கான சங்கு அலறியது. மேடை குதித்தது, பீர் தெறித்தது, யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கோல். பதினொன்றாம் எண் கைகளை உயர்த்திக்கொண்டு ஓடினான். ஆர்ட்டுவும் மற்றவர்களும் யோஸ்டைத் தரையிலிருந்து தூக்கினார்கள்.

பக்கத்தில் அணியின் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒருவர் அவள் யாரென்று தெரிந்தவர். காதருகே குனிந்து கத்தினார்.

"நீதாம்மா கரெக்டா சொல்லணும். கடைசியா தொட்டது யாரு? இருபத்துநாலா?"

"தெரியல."

"உனக்கா தெரியல?"

"நான் வட்டப் பாக்கல," என்றாள் மார்லிஸ். "அவனப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நடுவர் மேசைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி எண்களைச் சொன்னது. பாட்டுச் சத்தத்தில் இங்கே ஒன்றும் கேட்கவில்லை. அவள் யாரிடமும் கேட்கவும் இல்லை. கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, எல்லோரும் தட்டி முடிக்கிற நேரத்தில், தாளம் தவறித் தட்டத் தொடங்கினாள்.